என் கழுத்தில் நோ இல்லை

மகன், முடிந்துவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது, உன் அம்மாவின் கழுத்திலும் உன் நாரியிலும் ஒரு நோவும் இல்லையென்று அந்தக் கிளெய்ம் கொம்பனிக்காரர் இன்று காலை தங்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள்!

இந்தக் கிழமை இந்தப் பக்கத்தில் படத்தைப் பற்றியும் இல்லை, பாட்டைப் பற்றியும் இல்லை. பாட்டு வெளிவந்து அது முடிவதற்கு முன்னரே அம்மா பதிவு போட்டுவிடுவா என்று நீ உன் சிநேகிதர்களுக்குச் சொல்லிச் சிரிப்பாய். இப்போதும் ஒரு புதுப் பாட்டு வந்து கிடக்கிறது. இன்னும் கேட்கவில்லை. கொம்பனிக்காரரின் போனில் காத்திருக்கும்போது திரும்பத் திரும்பப் போடுகிற அந்தப் பியானோவைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது அலுத்துப்போய்விட்டது. உனக்கு எழுதுவதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஏன் போடுகிறா என்று நீ கோபப்படலாம். ஆனால் லீட்ஸிலிருந்து எடுத்த போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் அவங்களுக்கு என்ன சொன்னனீங்கள்?" "நோ எண்டுதான் சொன்னனான், மகன்." "சரி, வைக்கிறன்" என்று நீ போனை வைத்துவிட்டாய். அம்மா காசுக்கு ஆசைப்பட்டு, உன் பெயரையும் சேர்த்து, இல்லாத நோவைச் சொல்லியிருக்கிறா என்று நீ நினைத்தாய். நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் பெற்ற பிள்ளை, சொல்லத் தேவையில்லை. அதனால்தான் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு நாளைக்கு இந்தப் போன் வரும்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். நீ அடுத்த நாள் லீட்ஸுக்கு வேலைக்குப் போகிறாய். அங்கே நல்ல மிளகாய்த்தூள் கிடைக்காது என்று நான் பிடிவாதம் பிடித்து உன்னை அப்டன் பார்க்கில் இருக்கிற நம்முடைய கடைகள் வரைக்கும் இழுத்துப்போனேன். திரும்பி வரும்போது லூயிஷாமுக்குக் கிட்ட சிவப்பு லைற்றில் நின்றோம். பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கதவைத் தட்டுவதற்கு விரல் மடக்கினால் வருகிற சத்தம். ஆனால் உன் மடியில் இருந்த தூள் பை அதற்கே வாய் பிளந்துவிட்டது. கார் முழுக்க மிளகாய்த்தூள். நீ தும்ம, நான் தும்ம, இரண்டு பேருக்கும் கண்ணால் தண்ணீர் ஓட, கதவைத் திறந்துகொண்டு நடைபாதையில் போய் நின்றோம். பின்னால் இருந்த சின்னக் காரிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தா. எங்களைப் பார்த்ததும் அவவின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, தமிழ் ஆக்களோ? அக்கா, அழாதேங்கோ. தம்பி, எங்கயப்பா அடிபட்டது?" நான் வாயைத் திறந்தால் தும்மல்தான் வருகிறது. நீதான் கையை ஆட்டி, "அன்ரி, தூள், தூள்" என்றாய். அவ அதைக் கேட்டாவோ தெரியாது. விவரங்களைப் படம் எடுத்துக்கொண்டோம். பம்பரில் ஒரு கீறல், அவவின் நம்பர் பிளேட்டில் ஒரு வெடிப்பு. போகும்போதும் அவ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனா.

அவவை இங்கே ஜெயந்தி என்று சொல்கிறேன். உண்மைப் பெயர் அதில்லை. பெயர் போடாதேங்கோ அக்கா என்று கேட்டுக்கொண்டா.

நான் விட்ட முதல் பிழை மிகச் சின்னது, மகன். நீ போன பிறகு, இன்சூரன்ஸுக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்தேன். இன்சூரன்ஸ் பத்திரம் எங்கே இருக்கிறதென்று அப்பாவுக்குத்தான் தெரியும், அவர் ஷிப்டில் நிற்கிறார். எனக்கு எதையும் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியும் என்று ஒரு பெருமை இருக்கிறதே, அதில் கொம்பனியின் பெயரையும் அக்சிடென்ட் என்றும் போட்டுத் தேடினேன். முதலில் வந்ததை அழுத்தினேன். என் பெயர், போன் நம்பர், எங்கே முட்டினது, காரில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டது, எல்லாவற்றையும் போட்டேன். அது என் இன்சூரன்ஸ் இல்லை. விபத்துக்கு நட்டஈடு எடுத்துத் தருகிறோம் என்று ஆள் பிடிக்கிற ஒரு கிளெய்ம் கொம்பனி, இன்சூரன்ஸ் போன்ற தோற்றத்தில் மேலே போட்டிருந்த விளம்பரம். முதலில் வருகிறது யாரோ காசு கொடுத்து அங்கே நிறுத்தினது என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். எனக்கு அவசரம், அதில் பார்க்கவில்லை. நீ செய்யாதே. ஏதாவது நடந்தால் பத்திரத்தில் இருக்கிற நம்பரைப் பார்த்து எடு. அதைத் தேடி வீட்டைப் புரட்டினாலும் பரவாயில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நான் வடை சுட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஒரு பொடியன். இங்கிலீஷில் தொடங்கினான், என் பெயரைப் பார்த்தானோ என்னவோ, தமிழுக்கு வந்தான். "அன்ரி, வணக்கம், உங்கட அக்சிடென்ட் விஷயமா எடுக்கிறன். தமிழ்லயே கதைப்பமே?" எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற ஒருத்திக்கு அதைவிட என்ன ஆறுதல் வேண்டும். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டேன். பிறகு நம்முடைய ஆட்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "தம்பி, ஊரில எவடம்?" அவன் சொன்ன இடம் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். முடிந்தது. அதற்குப் பிறகு அவன் என் இன்சூரன்ஸ்காரன் கூட இல்லை, எனக்குத் தெரிந்த யாரோவின் பிள்ளை. பக்கத்து ஊரான் என்னை ஏமாற்றமாட்டான் என்று நான் யோசித்து முடிவெடுக்கவில்லை. யோசிக்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

அவன் வேகமாக ஏதோ வாசித்தான், இங்கிலீஷும் தமிழும் கலந்து. நான் "ஓம்... ஓம்... ஓம்" என்றேன். உனக்குத் தெரியும், நாங்கள் சம்மதம் என்பதற்கும் ஓம் என்போம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் நீ சொல்லு என்பதற்கும் ஓம் என்போம். பிறகு கேட்டான். "கழுத்தில ஏதும் இருக்கோ அன்ரி?" "நோ." "நாரியில?" "நோ." "உங்கட மகனுக்கு?" "அவனுக்கும் நோ. நல்ல சுகமா இருக்கிறம் தம்பி, நான் இஞ்ச வடை சுட்டுக்கொண்டு நிக்கிறன்." அவன் சிரித்தான். "எனக்கும் ரெண்டு அனுப்புங்கோ அன்ரி." பிறகு போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினான், அழுத்தச் சொன்னான், எண்ணெய்க் கையோடு அழுத்தினேன். அதுதான் கிளெய்முக்கு நான் வைத்த கையெழுத்து என்று பிறகுதான் தெரிந்தது.

இதை வாசிக்கிற இந்தியாக்காரருக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேச்சில் நோ என்றால் வலி. தலை நோ, வயிற்று நோ, நாரி நோ. நாரி என்பது இடுப்பின் பின்பக்கம். நான் சொன்னது இங்கிலீஷ் நோ. அவன் எழுதினது எங்கள் ஊர் நோ. கழுத்தில் வலி, நாரியில் வலி, மகனுக்கும் வலி. அவனுக்கு உண்மையில் அப்படித்தான் கேட்டதோ, கேட்க வசதியாக இருந்ததோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு எத்தனையோ முறை எடுத்தும் அவனைப் பிடிக்க முடியவில்லை. அவன் இப்போது அங்கே வேலையில் இல்லையாம்.

எனக்கு ஒன்றும் தெரியாமலே நாட்கள் போயின. கொம்பனியிலிருந்து மெசேஜ்கள் வந்தன, இன்சூரன்ஸ்காரர் வேலை செய்கிறார்கள் என்று நினைத்து நான் சரி என்கிற பெருவிரல் படம் போட்டேன். பிறகு ஒரு மழை நாளில் கதவு மணி அடித்தது. நனைந்துபோய் ஜெயந்தி நிற்கிறா.

"அக்கா, நான்தான் அண்டைக்கு உங்கட காரில முட்டினது."

"தெரியும், உள்ள வாங்கோ. காரை எங்க விட்டனீங்கள்?"

"பஸ்ஸில வந்தனான். கழுத்து இப்ப எப்பிடி அக்கா?"

"என்ர கழுத்தோ? அதுக்கென்ன?"

"தம்பிக்கும் நாரி ஏலாதாமே. லீட்ஸில இருக்கிறாராமே, தனிய எப்பிடிச் சமாளிக்கிறார்?" என்றபடி கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தா. "ஊரில இருந்து வந்த நோ எண்ணெய். சூடாக்கிப் பூசுங்கோ, இழுத்துப்போடும்."

சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், மகன். அவ எண்ணெயோடு வந்தா. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் விளங்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் காயம் என்று, அந்தப் பொடியனின் கொம்பனி பிடித்துவிட்ட ஒரு வழக்கறிஞர் நிறுவனம் அவவின் இன்சூரன்ஸுக்குக் கிளெய்ம் அனுப்பியிருக்கிறது. இன்சூரன்ஸ்காரர் ஜெயந்தியிடம் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று. அவ கண்டதைக் கண்டபடி சொல்லியிருக்கிறா. "ரெண்டு பேரும் அழுதுகொண்டு நிண்டவை எண்டு சொன்னனான் அக்கா. பொய் சொல்லேலாதுதானே." நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். அது தூள், தங்கச்சி, மிளகாய்த்தூள் என்றேன். அவ என்னை இரக்கத்தோடு பார்த்தா. என் தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று யோசித்திருப்பா.

ஜெயந்திக்கு என்ன வேலை தெரியுமோ? வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுக்கிற வேலை. ஒரு வீட்டில் முடித்து அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும், கார் இல்லாமல் நடக்காது. "ரெண்டு பேருக்குக் காயமெண்டு பதிஞ்சால் அடுத்த முறை இன்சூரன்ஸ் என்னை எடுக்காதாம் அக்கா. எடுத்தாலும் என்னால கட்டேலாது. கார் இல்லாட்டி ஏஜென்சி என்னை வைச்சிருக்காது." புதுப்பிக்கிற நாளும் கிட்ட வந்துகொண்டிருந்தது. அதைவிட, இரண்டு மனிதரைக் காயப்படுத்திவிட்டேன் என்ற பயத்தில் அவவால் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியவில்லை. பஸ்ஸில் போகக்கூடிய வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டா. என் வாயிலிருந்து வந்த ஒரு சொல், மகன். வடைச் சட்டிக்கு முன்னால் நின்று சொன்னது.

அப்பா வேலையால் வந்து முழுவதையும் கேட்டார். "நீர் ஒரு நோ சொன்னதுக்கே இவ்வளவு எண்டால், யெஸ் சொல்லியிருந்தால் இப்ப நான் ஆஸ்பத்திரியில வந்துதான் உம்மைப் பாக்கவேணும்." பிறகு, வழக்கம்போல, பிரான்ஸை இழுத்தார். உனக்கு அது நினைவிருக்காது. பாரிஸுக்குப் பக்கத்தில் நீ பள்ளிக்கூடம் தொடங்கின வருடம், அலுவலகத்தில் இருந்த பெண் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் 'வுய்', அதாவது பிரெஞ்சில் ஓம், என்றேன். என்ன கேட்கிறாள் என்று தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கம். அடுத்த கிழமை உனக்கு வெள்ளை உடுப்பு வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள். நீ அந்த வருடம் முழுக்க ஜூடோ படித்தது என் ஆசையாலும் இல்லை, உன் ஆசையாலும் இல்லை. உன்னைத் தூக்கித் தூக்கி விழுத்தினார்கள், நீ அழுதுகொண்டு வருவாய், நான் அந்த அலுவலகத்துக்குப் போய் 'இல்லை' என்று சொல்லத் தெரியாமல் வாசலோடு திரும்பி வருவேன். அதற்காகத்தான் பிறகு இங்கே வந்து, வீடியோ பார்த்துப் பார்த்து, படங்களுக்குக் கீழே வருகிற எழுத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்து, இங்கிலீஷ் பழகினேன். இனி யாருக்கும் விளங்காமல் தலையாட்டமாட்டேன் என்று. கடைசியில் என்னை விழுத்தினது இங்கிலீஷும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. எனக்கு நன்றாக விளங்குகிற தமிழ்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு வட்டம். கொம்பனிக்கு எடுத்தேன்: அது இப்போது வழக்கறிஞரிடம் இருக்கிறது. வழக்கறிஞருக்கு எடுத்தேன்: உங்கள் கோப்பைப் பார்க்கிறவர் இன்று இல்லை. ஜெயந்தியின் இன்சூரன்ஸுக்கு எடுத்தேன், எனக்கு ஒரு காயமும் இல்லை என்று சொல்ல: உங்களுக்காக வழக்கறிஞர் இருக்கிறார், நாங்கள் உங்களோடு நேரே கதைக்க முடியாது, அவர் மூலமாக வாருங்கள். எனக்கு நோ இல்லை என்று சொல்ல எனக்கே உரிமை இல்லை. மறுபடி கொம்பனி, மறுபடி பியானோ. போனைத் தோளில் செருகிக்கொண்டு சமைத்தேன், உடுப்பு மடித்தேன், பஸ்ஸில் நின்றேன். வேண்டுமென்றால் கிளெய்மிலிருந்து விலகலாம் என்றார்கள், ஆனால் இதுவரை செய்த வேலைக்கு நீங்கள் கட்டவேண்டி வரலாம் என்றும் சொன்னார்கள். கட்டுவதைக்கூட யோசித்தேன். ஆனால் சும்மா விலகினால், காயம் இருந்தது, பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தோம் என்றுதான் நிற்கும். ஜெயந்தியின் பெயரில் அந்தக் காயம் கிடக்கும். உன் பெயரிலும் கிளெய்ம் இருக்கிறதென்று அறிந்து நீயும் அந்த நாட்களில்தான் போன் எடுத்துக் கேட்டாய், உண்மையைச் சொல்லுங்கோ என்று.

அதனால் ஒன்றே ஒன்றைக் கேட்டேன். நான் பேசினதை நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்கள், அதைக் கேளுங்கள். கொம்பனியின் முறைப்பாட்டுப் பகுதியில் ஒரு பெண் அகப்பட்டாள். நல்ல பெண், களைத்த குரல், என்னைப் போலவே. எங்கள் ஊர் நோவை அவளுக்கு விளக்கினேன்; இங்கிலீஷில் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்கள் மொழியில் நோ என்றால் வலியா?"

"ஆம்."

"அப்படியானால் உங்களுக்கு வலி இருக்கிறது."

"நோ."

"மன்னிக்கவேண்டும், இது எந்த நோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவளுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நான் சொன்னேன், அந்த மூன்று நோவையும் விட்டுவிடுங்கள், அதற்குப் பின்னால் என்ன சொன்னேன் என்று தமிழ் தெரிந்த வேறு யாரையாவது வைத்துக் கேளுங்கள். அதற்கும் நாட்கள் எடுத்தார்கள். ஜெயந்தி ஒவ்வொரு பின்னேரமும் மெசேஜ் போடுவா, "அக்கா, ஏதும் அறிஞ்சீங்களோ?" நான் "இன்னும் இல்லை" என்று போடுவேன். கவனமாகப் பார், நோ என்று போடவில்லை.

இன்று காலை அந்தப் பெண்ணே எடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். அழைப்பில் பேசுகிற பெண் தானும் மகனும் நல்ல சுகமாக இருப்பதாகவும், தான் ஒரு பலகாரம் பொரித்துக்கொண்டிருப்பதாகவும் சொல்கிறா. காயம் என்று யாரும் சொல்லவில்லை, கிளெய்ம் பிழையாகப் பதியப்பட்டது, கட்டவேண்டியது எதுவும் இல்லை, ஜெயந்தியின் இன்சூரன்ஸுக்கும் அப்படியே எழுதுகிறோம் என்றாள். பிறகு தயங்கி, அந்தப் பலகாரம் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

ஜெயந்திக்குச் சொன்னேன். மத்தியானம் வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அந்தச் சின்னக் கார், வெடித்த நம்பர் பிளேட்டோடு, பார்க்கிங் கோடுகளுக்கு நடுவில் கணக்காக நிற்கிறது. "புதுப்பிக்கேக்க பம்பர் மட்டும்தான் கணக்காம் அக்கா. இன்சூரன்ஸ்காரர் என்னை எடுக்கினமாம்" என்று ஜன்னலைத் திறந்து சொன்னா. "இறங்கமாட்டன், விட்ட வீடுகளில ரெண்டை ஏஜென்சிக்காரர் திருப்பித் தந்திட்டினம், ஒரு ஐயா சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்." ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்திருக்கிறா என்று பார்த்தேன். ஒரு கையால்தான் பிடித்திருந்தா, மற்றக் கையை எனக்கு ஆட்டிவிட்டுப் போனா.

ஆக, நீ கேட்ட கேள்விக்கு என் பதில் மாறவில்லை, மகன். நோ என்றுதான் சொன்னேன். உனக்குச் சொல்ல வேறு பெரிய புத்திமதி என்னிடம் இல்லை. போனில் யாராவது உன் மொழியில் பேசினால் சந்தோஷப்படு, ஊரில் எவடம் என்றும் கேள், ஆனால் அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிட்டு இருந்து கேள். விளங்காததற்கு ஓம் போடாதே. முட்டினவரோடு ரோட்டோரத்தில் நின்று பத்துச் சொல்லாவது கதை, தும்மல் நிற்கும்வரைக்கும் காத்திருந்தாவது கதை. அன்றைக்கு நாங்கள் ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தேத்தண்ணி குடித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை உங்கள் குடும்பக் குழுக்களில் போடுங்கள். போன் வந்தால் 'நோ' என்று சொல்லாமல் தமிழில் 'இல்லை' என்று சொல்லச் சொல்லி அம்மா அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நோ நடந்திருந்தால் கீழே எழுதுங்கள், நான் ஒவ்வொன்றையும் வாசிப்பேன். மகன், நீயும் கீழே ஒரு வரி எழுது, எல்லோரும் பார்க்க. அது போதும்.

இன்னொன்று, இதை மட்டும் யாரும் பகிரவேண்டாம், முக்கியமாகக் கிளெய்ம் கொம்பனிக்காரர் கண்ணில் படக்கூடாது. இவ்வளவு நாளும் போனைத் தோளில் செருகிக்கொண்டு நின்றதில், நேற்றிலிருந்து என் கழுத்தைத் திருப்ப ஏலாமல் இருக்கிறது. ஜெயந்தியின் எண்ணெயைச் சூடாக்கி வைத்திருக்கிறேன். நல்ல வாசம்.